சரிவில் நிற்கும் கலை

(எமது மன்றத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



கோல்ப் விளையாட்டைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று செயலாளரிடம் சொன்னபோது, அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, இது இந்து இளைஞர் மன்றம், துரைமார் கிளப் அல்லவே!" என்றார். அவர் கேட்டது நியாயமே. தேவாரம் ஒலித்த மண்டபத்திலே கோல்ப் பந்துக்கு என்ன வேலை? ஆயினும், அவ்விளையாட்டின் ஒரு சிறு பகுதியை மாத்திரம், அதாவது சாய்ந்த நிலத்தில் நின்று பந்தை அடிக்கும் முறையை மாத்திரம், இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அது லிந்துலை மக்களாகிய நமக்கு அந்நியமான வித்தை அன்று என்பதே என் கட்சி. இறுதிவரை பொறுமையோடு கேட்டபின் தீர்ப்புக் கூறுங்கள்.

நம்மிற் பலர் நானுஓயா வழியாக நுவரெலியாவுக்குப் பஸ்ஸிலே போயிருக்கிறோம். பட்டணத்தின் நடுவிலே, பெரிய மரங்கள் சூழ, பச்சைப் பசேலென்று ஒரு புல்வெளி பரந்து கிடப்பதைக் கண்டிருக்கிறோம். அதுதான் நுவரெலியா கோல்ப் கழகத்தின் மைதானம். கழகம் தோன்றியது 1889-ஆம் ஆண்டிலே. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில், பதினெட்டுக் குழிகளோடு அமைந்திருக்கிறது. மலைநாட்டைக் கண்ட இடத்திலெல்லாம் வெள்ளைக்காரர் இந்த விளையாட்டையும் கொண்டுபோனார்கள். தமிழ்நாட்டிலே கொடைக்கானலில் 1895-ல் ஒரு கோல்ப் கழகம் உண்டாயிற்று. பனியும் குளிரும் அவர்களுக்குத் தங்கள் ஊரை நினைவூட்டியிருக்கலாம்.

பஸ்ஸின் சன்னல் வழியாகப் பார்ப்பவனுக்கு அந்தப் புல்வெளி விரித்த கம்பளம் போலத் தோன்றும். அது கண்ணின் மயக்கம். உள்ளே இறங்கி நடந்தவனுக்கே அதன் மேடும் பள்ளமும் தெரியும். தேயிலை மலையும் அப்படியேயன்றோ? உல்லாசப் பிரயாணி தலவாக்கலைப் பாதையில் வாகனத்தை நிறுத்தி, "என்ன அழகான பச்சைக் கம்பளம்!" என்று படம் பிடிக்கிறான். அந்தக் கம்பளத்தின் மேல் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கும் நம் தாய்மாரின் முழங்கால்களைக் கேட்டால், அது கம்பளமா அல்லவா என்பது விளங்கும்.

நிற்க. இவ்விளையாட்டை அறியாதவர்களுக்காக இரண்டொரு வார்த்தை சொல்லவேண்டும். ஒரு சிறிய வெள்ளைப் பந்தை, தூரத்திலுள்ள ஒரு குழியினுள், இயன்ற அளவு குறைந்த அடிகளில் சேர்க்கவேண்டும். குழியின் வாய் நாலேகால் அங்குல அகலமே. பந்தை அடிக்கும் கோலுக்கு ஆங்கிலத்தில் 'கிளப்' என்று பெயர். ஆடுவோர் கூடும் சங்கத்துக்கும் அதுவே பெயர். குழப்பம் வேண்டாமென்று நான் அதைக் கோல் என்றே சொல்கிறேன். ஒருவன் பதினான்கு கோல்கள் வரை வைத்துக்கொள்ளலாம். கோல்களுக்கு எண் உண்டு. எண் ஏற ஏறக் கோலின் முகம் வானத்தை நோக்கி அதிகம் சாய்ந்திருக்கும். பந்து உயரமாக எழும்பிக் குறைந்த தூரத்தில் விழும். எண் குறையக் குறையப் பந்து தாழ்வாகப் பறந்து நெடுந்தூரம் போகும். இந்தக் கோல்கள் நிறைந்த பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டக்காரனோடு நடப்பவன் பெயர் கெடி.

மற்றைய விளையாட்டுக்களுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. கிரிக்கெட்டுக்கு நிலத்தை உருளை கொண்டு உருட்டிச் சமப்படுத்துவார்கள். வலைப்பந்துக்குக் கோடு கீறி மட்டம் பார்ப்பார்கள். கோல்ப் பிறந்ததோ ஸ்கொத்லாந்தின் கடலோர மணல் மேடுகளிலே. அங்கே அது மக்களை எவ்வளவு பித்தாக்கியது என்றால், வில் வித்தைப் பயிற்சி கெடுகிறதென்று 1457-ஆம் ஆண்டிலே அந்நாட்டுப் பாராளுமன்றம் அதைத் தடை செய்தது. எடின்பரோவைச் சேர்ந்த ஆட்டக்காரர் 1744-ல் பதின்மூன்று விதிகளை எழுதிவைத்தனர். இன்று அவ்விதிகள் ஒரு புத்தகமாகப் பெருகிவிட்டன. ஆனால் அப்புத்தகத்தின் தலைவாசலில் நிற்கும் தத்துவம் ஒன்றுதான்: நிலத்தை உள்ளபடியே ஏற்று, பந்து கிடக்கும் இடத்திலேயே நின்று ஆடவேண்டும். பந்தை நல்ல இடத்துக்கு நகர்த்தக் கூடாது. நிற்பதற்கு வசதியாகக் காலடியில் கல்லை அடுக்கக் கூடாது. காலை உறுதியாக ஊன்றிக்கொள்ளலாம், அவ்வளவே.

அப்படியானால், சரிவிலே கிடக்கும் பந்தை எவ்வாறு அடிப்பது?

இந்தப் பாடத்தை நான் முதலிற் கற்றது புத்தகத்தில் அன்று. என் தாய்மாமன் ஒருவர் இளமையிலே சில வருடங்கள் கெடியாகப் பை சுமந்தவர். யாரோ ஓர் ஆட்டக்காரர் கழித்துக் கொடுத்த ஏழாம் எண் இரும்புக் கோல் ஒன்று அவர் வீட்டுக் கூரை மூலையிலே செருகிக் கிடந்தது. பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு நாள் அதை எடுத்துக்கொண்டு, லயத்துக்கும் பந்தடிக்கும் மைதானத்துக்கும் இடையிலுள்ள சரிவிலே நின்று, என் பலத்தையெல்லாம் கூட்டி ஒரு அடி அடித்தேன். நான் குறி பார்த்தது மைதானத்தின் கோல் கம்பத்தை. பந்து போய் விழுந்ததோ இடப்பக்கத்து வீட்டுக் கரட் பாத்தியிலே! அந்த வீட்டுப் பாட்டியின் அர்ச்சனையை இந்தச் சபையிலே திருப்பிச் சொல்ல இயலாது. இரண்டாம் பந்தும் அங்கேயே போயிற்று. மூன்றாவதும் அவ்வாறே. கோல் பழுது என்றேன் நான். மாமா சிரித்தார். "பந்து எங்க போச்சுன்னு பாக்காதே தம்பி, உன் காலு எங்க நிக்குதுன்னு பாரு" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்திலே முழுப் பாடமும் அடங்கியிருக்கிறது. சரிவு நான்கு வகைப்படும். வலக்கைக்காரனை வைத்துச் சொல்கிறேன். இடக்கைக்காரர் இடம் வலம் மாற்றிக்கொள்க.

முதலாவது, பந்து நம் கால்களைவிட மேலே இருப்பது. நான் அன்று நின்ற நிலை இதுவே. இங்கே பந்து இடப்பக்கம் போகும். காரணம் மந்திரமன்று. வீட்டிலே ஒரு முறத்தை எடுத்து, முகம் முன்னே பார்க்க நிமிர்த்தி, சற்றுப் பின்னே சாய்த்துப் பிடியுங்கள். அது முன்னும் மேலும் பார்க்கும். இனி அதன் வலப்பக்க விளிம்பை உயர்த்துங்கள். வானத்தைப் பார்த்த முகம் இடப்பக்கம் திரும்பிவிடும். மேட்டிலுள்ள பந்தை அடிக்கையில் கோலின் நுனி உயர்வதால் இதுவே நிகழ்கிறது. முகம் அதிகம் சாய்ந்த கோலாயின் திருப்பமும் அதிகம். பரிகாரம் என்ன? பந்து நமக்கு அண்மையில் வந்துவிட்டபடியால் கோலைச் சற்றுக் கீழே இறக்கிப் பிடிக்கவேண்டும். உடம்பை நிமிர்த்தி நிற்கவேண்டும். குறியை வலப்பக்கம் தள்ளி வைக்கவேண்டும்.

இரண்டாவது, பந்து கால்களைவிடக் கீழே இருப்பது. எல்லாவற்றிலும் கடினமானது இதுவே என்பர். பந்து வலப்பக்கம் போகும். முன்னே விழுந்துவிடாதபடி பாரத்தைக் குதிக்காலில் வைத்து, இடுப்பிலும் முழங்காலிலும் நன்கு வளைந்து, அந்த வளைவை அடி முடியும்வரை காத்து, குறியை இடப்பக்கம் வைத்து அடிக்கவேண்டும். அவசரப்பட்டு நிமிர்ந்தவன் பந்தின் தலையைத்தான் தட்டுவான்.

மூன்றாவது, பந்து போகவேண்டிய திசையிலே நிலம் ஏறுவது. ஏற்றத்திலே கோலின் முகம் இன்னும் வானத்தைப் பார்க்கும். பந்து உயர எழும்பிக் குறுகி விழும். சிறிது இடப்பக்கமும் சாயும். ஆகவே ஏழாம் எண் எடுக்கும் இடத்திலே ஆறோ ஐந்தோ எடுக்கவேண்டும்.

நான்காவது, அத்திசையிலே நிலம் இறங்குவது. இங்கே பந்து தாழ்ந்து ஓடும். சிறிது வலப்பக்கம் சாயும். பெரிய எண்ணுள்ள கோலை எடுத்து, பந்தைப் பின்காலுக்குச் சற்றுக் கிட்ட வைத்து, சரிவின் வழியே கோலை இறக்கவேண்டும். பந்தை வலிந்து மேலே தூக்க முயன்றால் மண்தான் பெயரும்.

ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. தோள்கள் சரிவோடு சரிவாக இருக்கவேண்டும். சமநிலத்தில் நிற்பது போலத் தோளை மட்டமாக்கிக்கொண்டு சரிவோடு மல்லுக்கு நிற்பவன் தோற்பான். மேலும், நான்கு நிலைகளிலும் முழுப் பலத்தோடு வீசக் கூடாது. முக்கால் வீச்சே போதும். நிலைகுலையாத சிறிய அடி, நிலைகுலைந்த பெரிய அடியை வெல்லும்.

இதைக் கேட்டபோது உங்களுக்கு ஏதாவது ஞாபகம் வருகிறதா? எனக்குக் கவ்வாத்து ஞாபகம் வந்தது. சரிவிலே நிற்கும் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது அதன் தலையை வானத்துக்கு மட்டமாகவா வெட்டுகிறோம்? இல்லை. மலையின் சாய்வுக்கு இணையாகவே வெட்டுகிறோம். கொழுந்து எடுப்பவர்கள் செடியின் மேல் மட்டக் கம்பை வைத்துப் பார்க்கும்போதும், அந்த மட்டம் மலையின் மட்டமே. கோல்ப் ஆசிரியர் பெருந்தொகை வாங்கிக்கொண்டு கற்பிக்கும் தோள் சாய்வை நம் பெரியவர்கள் கத்தியின் நுனியிலே அறிந்திருக்கிறார்கள். இருபது கிலோக் கொழுந்தை முதுகிலே தாங்கி, ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நிரையிலே நின்று, இரு கைகளும் வேலை செய்ய, விழாமல் நிற்கிறாளே நம் தாய், அவளைவிடச் சரிவின் இலக்கணம் தெரிந்தவர் யார்?

கெடிகளின் அறிவும் இத்தகையதே. குழியைச் சுற்றியுள்ள புல்தரை மட்டமாகத் தோன்றும். ஆனால் அங்கே பந்து வளைந்து ஓடும். "இங்க ஒரு பானைத் தண்ணிய ஊத்தினா எந்தப் பக்கம் ஓடும்னு நெனச்சுப் பாரு" என்பார் மாமா. கான் வெட்டிய பரம்பரையில் வந்தவருக்கு நீரின் போக்குத் தெரியாமலிருக்குமா?

உலகத்துப் பெரிய ஆட்டக்காரர்களிலும் பை சுமந்து வந்தவர்கள் உண்டு. 1913-ஆம் ஆண்டு அமெரிக்கத் திறந்த போட்டியிலே, இங்கிலாந்திலிருந்து வந்த புகழ்பெற்ற வீரர்களான ஹரி வார்டனையும் டெட் ரேயையும் வென்றவர் பிரான்சிஸ் ஒய்மெட் என்னும் இருபது வயது இளைஞர். அதே மைதானத்துக்கு எதிர்வீட்டிலே வளர்ந்து, அங்கே கெடியாக இருந்தவர் அவர். 1991-ல் இந்தியத் திறந்த போட்டியை வென்ற அலி ஷேரும் டில்லியிலே பை சுமந்து வளர்ந்தவரே. நம் நாட்டிலிருந்து என். தங்கராஜா, கே. பிரபாகரன் என்னும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் இந்தியச் சுற்றுப் போட்டிகளில் ஆடியிருக்கின்றனர். தமிழ்ப் பெயர்கள் அந்தப் பட்டியலில் அச்சாவதைப் பத்திரிகையிலே காணும்போது என் மாமா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசிப்பார்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நம் மன்றத்திலே இரண்டு விதமான பேச்சைக் கேட்கிறேன். பெரியவர்கள் சிலர், "கிடைத்த இடத்திலே பொறுத்துப் போ" என்கிறார்கள். இளைஞர்கள் சிலர், "நிலமே சரியில்லை, நாம் என்ன செய்தும் பயனில்லை" என்கிறார்கள். இருவர் பேச்சிலும் பாதி உண்மை உண்டு. பாதி உண்மை அபாயமானது.

நிலம் சரியில்லை என்பது பொய்யன்று. 1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தம், யார் இருப்பது, யார் போவது என்று எண்ணிப் பிரித்தது. ஒரே லயத்திலே பிறந்த அண்ணன் கப்பலேறினான். தம்பி இங்கே நின்றான். இன்றும் லயத்து அறைகளிலே வாழும் குடும்பங்கள் பல. சமதரையிலே பிறந்தவனுக்கும் நமக்கும் ஒரே தூரம் ஒரே ஓட்டம் அன்று. கோல்ப் விளையாட்டே இதை ஒப்புக்கொள்கிறது. பலவீனமான ஆட்டக்காரனுக்குச் சில அடிகளைச் சலுகையாகக் கழித்துக் கொடுத்து, வல்லவனோடு நேர் நின்று ஆடவிடும் கணக்கு அதிலே உண்டு. அதைப் பெறுவதை எவரும் இழிவாக எண்ணுவதில்லை.

ஆனால் சரிவைக் கண்டு கோலைக் கீழே போட்டவன் ஒரு அடியும் அடிக்கப் போவதில்லை. அன்று என் பந்து மூன்று தரம் கரட் பாத்திக்குப் போனதற்குச் சரிவு காரணம். ஆனால் இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் போனதற்கு நானே காரணம். நிலம் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று முதல் பந்து சொல்லிவிட்டது; நான் கேட்கவில்லை. பரீட்சையிலே ஒரு முறை தவறியவன் மறுமுறையும் அதே வழியிலே படித்துவிட்டு விதியைத் திட்டுவதும் இதுதான். பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயத்திலே கண்ணபிரான் சமநிலையையே யோகம் என்று உபதேசிக்கிறார். எங்கே நின்று உபதேசித்தார்? அமைதியான ஆசிரமத்திலன்று, போர்க்களத்து நடுவிலே. நிலம் சமமாக இருக்கும்போது சமமாக நிற்பது பெரிய காரியமன்று.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நிலத்தை உள்ளபடி ஏற்று ஆடு என்பது ஆட்டக்காரனுக்கு விதித்த விதி. மைதானம் அமைப்பவனுக்கு விதித்ததன்று. மைதானம் அமைக்கும் சபை மேட்டை வெட்டலாம், பள்ளத்தை நிரப்பலாம், வாய்க்காலைத் திருப்பலாம். நம் பாட்டன்மார் இந்த மலைகளிலே பாதை வெட்டினார்கள், கான் வெட்டினார்கள், தொழிற்சாலைக்கு நிலம் மட்டம் செய்தார்கள். நிலம் மாறாதது என்று நினைத்திருந்தால் லிந்துலையிலே ஒரு கோயிலும் எழும்பியிராது. நாடற்ற நிலையும் அப்படியே. அது தானாக நீங்கவில்லை. தொழிற்சங்கங்களும், தலைவர்களும், பெயர் தெரியாத தொழிலாளரும் பல காலம் போராடியதன் பின்னரே, 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் எஞ்சியிருந்தோருக்கும் பிரஜாவுரிமை கிட்டியது. நான் படித்தது மிஷன் பாடசாலை. மேடுபள்ளமெல்லாம் சமமாகும் நாளைப் பற்றி ஏசாயா தீர்க்கதரிசி பேசும் பகுதியை அங்கே காலைக் கூட்டத்திலே பலமுறை கேட்டிருக்கிறேன். கீதை எனக்கு நிற்கக் கற்றுத்தந்தது. அந்தப் பகுதி எனக்கு மண்வெட்டியை ஞாபகப்படுத்தியது. இரண்டும் நமக்கு வேண்டும்.

ஆகவே, நாம் ஒரே வேளையில் ஆட்டக்காரராகவும் மைதானம் அமைப்போராகவும் இருக்கவேண்டியவர்கள். இன்று காலை கைக்கு வந்த பந்தை இன்றைய நிலத்திலே நின்று அடிக்கவேண்டும். நம் பின்னே வருபவர்களுக்காக அந்த நிலத்தைச் சற்றேனும் திருத்தி வைக்கவேண்டும். மாலை வகுப்பிலே பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கும் நம் மன்றத்து அங்கத்தவர் ஒவ்வொருவரும் அந்த மண்வெட்டியைப் பிடித்தவரே. அவர்கள் தொகை இன்னும் கூடவேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் பேசினேன்.

கடைசியாக ஒன்று. என் நாலாவது பந்து கரட் பாத்திக்குப் போகவில்லை. கோலை இறக்கிப் பிடித்தேன், நிமிர்ந்து நின்றேன், கோல் கம்பத்துக்கு வலப்பக்கம் ஒரு மரத்தைக் குறி வைத்தேன், முக்கால் வீச்சே வீசினேன். பந்து மரத்தை நோக்கிப் புறப்பட்டு, மெல்ல இடப்பக்கம் வளைந்து, மைதானத்தின் நடுவிலே விழுந்தது. சரிவு அங்கேயேதான் இருந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. கையை நீட்டிக் கோலை வாங்கிக்கொண்டு, "போய்ப் பாட்டிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வா" என்றார்.